கிராபிக்ஸ் கார்ட் ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் காணவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. கணினி திருத்துவது என் தொழில் இல்லை. ஆனால் என்னுடைய கிராபிக்ஸ் கார்ட் நாலு மாதம் என்னோடு ஒளித்துப்பிடித்து விளையாடியது. சில காலைகளில் கணினி அதைக் கண்டுபிடிக்கும், சில காலைகளில் அப்படி ஒரு பொருளே பெட்டிக்குள் இல்லை என்பதுபோல் இருக்கும். அந்த நாலு மாதத்தில் படித்ததும் பிழைவிட்டதும் நிறைய. இப்போது சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் இதே கரைச்சல் வந்தால் எனக்குத்தான் அழைப்பு எடுக்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது சுகம் என்று இதை எழுதுகிறேன். என் கார்டுக்கு என்ன நடந்தது என்பது கடைசிப் பக்கமாக வரும்.

இடைக்கிடை தெரியாமல் போகிறது. கார்ட் பழுதாகிவிட்டதா?

இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். செத்த கார்ட் எல்லா நாளும் செத்ததாகவே இருக்கும். ஒரு நாள் எழும்பி, மூன்று மணித்தியாலம் விளையாட்டு ஓடியும் ஒன்றும் ஆகாமல், மறுநாள் காலை மட்டும் தெரியாமல் போகிறது என்றால், அதன் சிப்பும் மெமரியும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஏதோ ஒன்று பிசகுகிறது. அந்த ஏதோ ஒன்று கார்டாகவும் இருக்கலாம், அதைச் செருகும் ஸ்லொட்டாகவும் இருக்கலாம், பவர் சப்ளையாகவும் இருக்கலாம், நீங்கள் கனவிலும் சந்தேகிக்காத ஒரு வயராகவும் இருக்கலாம்.

திரை கறுப்பாக இருந்தால் கார்டைக் காணவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த இடத்தில்தான் அநேகர் வழி தவறுகிறார்கள். கணினி கார்டைக் காண்பது ஒன்று, கார்ட் திரைக்குப் படம் அனுப்புவது வேறொன்று. முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

உங்கள் ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் வேலை இலேசு. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைக் குத்தி விண்டோஸுக்குள் போங்கள். டிவைஸ் மனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயர் இருக்கிறதா பாருங்கள். பெயர் இருந்து, மஞ்சள் அடையாளத்துடன் கோட் 43 என்று வந்தால், கார்ட் தெரிகிறது, ஆனால் அது தனக்குள் பிழை என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. பெயரே இல்லை, மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மட்டும் மங்கலாக வந்து கோட் 45 என்கிறது என்றால், அது இப்போது இணைப்பில் இல்லை. இந்தப் பக்கம் முழுவதும் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளை போதும்: பட்டியலில் கார்ட் இருக்கும், அல்லது இருக்காது.

இன்டெல் ப்ராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5600 போன்றவற்றிலும் இல்லை. ஜி என்று முடியும் 5600ஜியில் உண்டு. ப்ராசசரில் கிராபிக்ஸ் இல்லை என்றால், பல மதர்போர்டுகளில் இருக்கும் நாலு சின்ன லைட்டுகளைத்தான் நம்ப வேண்டும். சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். விஜிஏ லைட் அணையாமல் நின்றால் கார்டில் வந்து நின்றுவிட்டது. டிரேம் லைட்டில் நின்றால் நீங்கள் பார்க்க வேண்டியது கார்டை அல்ல, றாமை. ஏஎம்டி ப்ராசசருக்கான புதிய ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மெமரியைப் பழக்கப்படுத்த முதல் தடவை சில நிமிடம்கூட ஆகும். அந்த நேரம் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமையில்லாமல் பட்டனை அமுக்கிவிட்டு கார்டைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், மொனிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்திவிட்டு கார்ட் வேலை செய்யவில்லை என்றவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நான் வெளியே கதைப்பதில்லை.

தொடங்கும்போது மட்டும் ஏன்? ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்க நன்றாகத்தானே ஓடுகிறது?

பட்டனை அமுக்கியதும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆகவே இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில்.

பவர் சப்ளை தன் வோல்ட் எல்லாம் சரியான அளவுக்கு வந்ததும், "நான் தயார்" என்று மதர்போர்டுக்கு ஒரு சைகை அனுப்பும். அதுவரை மதர்போர்ட் எல்லோரையும் பிடித்து வைத்திருக்கும். கார்டையும் அப்படித்தான், ரீசெட் என்ற ஒரு கோட்டால் பிடித்திருக்கும். மின்சாரம் நிலையாகிக் குறைந்தது 100 மில்லிசெக்கன் கழித்துத்தான் அந்தப் பிடியை விடவேண்டும் என்பது, ஸ்லொட்டும் கார்டும் பேசிக்கொள்ளும் முறையான பிசிஐ எக்ஸ்பிரஸின் விதி. பிடி விட்டதும் ஸ்லொட்டும் கார்டும் ஒன்றையொன்று தேடும். எதிரே ஆள் இருக்கிறதா, எத்தனை தடம் வேலை செய்கிறது, எந்த வேகத்தில் பேசலாம் என்று தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும். இதற்கு லிங்க் ட்ரெய்னிங் என்று பெயர். அது முடிந்த பிறகு பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள், ஒவ்வொரு ஸ்லொட்டாகப் போய், யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு டாப்பு எடுக்கும். பள்ளிக்கூடத்தில் டாப்புக் கூப்பிடும்போது இல்லாத பிள்ளை, பிறகு வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தாலும் அன்றைக்கு வராதவர்தான். கார்டின் கதையும் அதே. கூப்பிட்ட நேரத்தில் பதில் வரவில்லை என்றால் அடுத்த ரீஸ்டார்ட் வரை விண்டோஸுக்கு அது தெரியாது.

ஆகவே அந்த நேரத்துக்குள் 12 வோல்ட் சற்று இறங்கினாலும், ஒரு தொடுமுனை சரியாகத் தொடாவிட்டாலும், கார்ட் சுத்தமாக அணைந்து எழும்பாமல் அரைத்தூக்கத்தில் இருந்தாலும், விளைவு ஒன்றுதான்: டாப்பில் பெயர் இல்லை. டாப்பில் பெயர் ஏறிவிட்டால் பிறகு வரும் சின்னச் சின்னப் பிழைகளை பிசிஐ எக்ஸ்பிரஸ் தானே திருத்திக்கொண்டு ஓடும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா லொகர் (WHEA-Logger), எண் 17 என்று எச்சரிக்கைகள் குவிந்திருந்தால் அப்படித் திருத்தப்பட்ட பிழைகள் நடக்கின்றன என்று அர்த்தம். அதைப் பார்த்தால் ஸ்லொட்டிலும், கார்டை ஸ்லொட்டிலிருந்து தள்ளி வைக்கப் பாவிக்கும் ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிளிலும் கவனத்தை வையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கொப்பியிலிருந்து. சிரிக்க வேண்டாம். ஸ்க்ரூட்ரைவரைத் தொடுவதற்கு முன் பத்து நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள், முதல் நாள் இரவு முழுவதும் நின்றிருந்ததா அல்லது ரீஸ்டார்ட்டா, சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்ததா, மழையா, இடையில் கரண்ட் போனதா, ஏசி ஓடியதா, மொனிட்டர் முன்னதாகவே போட்டிருந்ததா, கார்ட் தெரிந்ததா இல்லையா. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்.

இடைக்கிடை வரும் பழுதில் பாகங்களை மாற்றிப் பார்ப்பது ஏமாற்றும். றாமைக் கழற்றிப் பூட்டுவீர்கள், அடுத்த நாள் கார்ட் தெரியும், றாம்தான் என்று நம்பிவிடுவீர்கள். மூன்றாம் நாள் திரும்பவும் காணாமல் போகும். இதே மாதிரி நான் ஒரு பவர் சப்ளையே வாங்கினேன். நல்ல பொருள்தான், பழுதுக்குச் சம்பந்தம் இல்லை.

காலையில் முதல் தடவை தெரியாது, ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். இணையத்தில் தேடினால், குளிரில் கப்பாசிட்டர்கள் மந்தமாகும், சூடானதும் சரியாகும் என்று பதில் வரும். கதை உண்மை, எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் குளிரில் மோசமாகத்தான் நடக்கும். ஆனால் அது பனி பெய்யும் ஊரில் எழுதிய பதில். கொழும்பில் விடியற்காலையில் 20 பாகைக்குக் கீழே போவதே அருமை. இங்கே கப்பாசிட்டர் குளிரால் மந்தமாவதில்லை, வருடக்கணக்கான சூட்டால் கிழடாகிறது. ஏழெட்டு வருடப் பழைய பவர் சப்ளை என்றால் சந்தேகப்படலாம். எழும்பும்போது 12 வோல்ட் மெதுவாக ஏறும், அல்லது கார்ட் மின்சாரம் இழுத்ததும் ஒரு கணம் குழியும். ரீஸ்டார்ட்டில் பவர் சப்ளை அணைவதே இல்லை, ஆகவே அந்தத் தடங்கல் இல்லை.

மல்டிமீட்டரால் அளந்து 12.1 காட்டுகிறதே என்று சிலர் சொல்வார்கள். 11.4 முதல் 12.6 வரை சரி என்பதுதான் தரம். ஆனால் சாதாரண மல்டிமீட்டர் சில மில்லிசெக்கன் சரிவைக் காட்டாது. தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு நல்ல பவர் சப்ளையை ஒரு கிழமைக்குக் கடன் வாங்குவதுதான் உண்மையான சோதனை. வாங்க வேண்டாம், கடன் வாங்குங்கள்.

கடற்காற்றால் இப்படி வருமா?

வரும். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இருக்கிறவர்களின் யன்னல் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். அதே காற்றைத்தான் உங்கள் கணினியின் விசிறியும் உள்ளே இழுக்கிறது. கார்டின் விளிம்பில் இருக்கும் தங்கப் பூச்சு மெல்லியது, அதன் கீழே நிக்கல். பூச்சு தேய்ந்த இடத்தில் உப்பும் ஈரமும் வேலையைத் தொடங்கும். 16 தடமுள்ள ஸ்லொட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 164 தொடுமுனைகள். அவற்றில் முக்கியமான ஒன்று மங்கினாலே போதும்.

சுத்தம் செய்யும் முறை: சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடித்து மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். கார்டைக் கழற்றும்போது ஸ்லொட்டின் நுனியிலுள்ள பூட்டை முதலில் திறக்க வேண்டும். மறந்து இழுத்தால் பூட்டு உடையும். தங்க விளிம்பை 99 வீத ஐசோப்ரொபைல் அல்கஹோலில் நனைத்த, தும்பு உதிராத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஃபார்மசியில் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கையில் தருவார்கள். சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், காய்ந்த பிறகு படலம் நிற்கும், வேண்டாம். பென்சில் அழிறப்பரால் தேய்க்கும் பழக்கமும் ஊரில் உண்டு. அழுக்கு போகும், கூடவே தங்கமும் கொஞ்சம் போகும். ஒரு தடவைக்கு மன்னிக்கலாம், மாதாமாதம் செய்யாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது கடைசிவரை அழுத்துங்கள். கார்ட் முழுதாக இறங்கிவிட்டதா என்று அறிவதற்காகவே சில முனைகள் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கின்றன, அவை கடைசியில்தான் தொடும். பூட்டு டிக் என்று விழுந்த பிறகு பின்பக்க ஸ்க்ரூவை இறுக்குங்கள். சில கேஸ்களில் அந்த ஸ்க்ரூவை இறுக்க இறுக்க மறுமுனை கிளம்பும். வடிவாகப் பாருங்கள். பாரமான கார்ட் தொங்கினால் அடியில் ஏதாவது முட்டுக் கொடுங்கள். இதற்கென்றே கம்பி விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் வெறும் நூல்கட்டை நிற்கிறது. பிளாஸ்டிக், உயரமும் அளவு.

பவர் கேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்லொட் வழியாகக் கார்ட் 75 வாட் வரை எடுக்கலாம். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. ஒரே வயரின் நுனியில் இரண்டு தலை தொங்கும் கேபிளால் பெரிய கார்டுக்கு இரண்டு இணைப்பும் கொடுப்பதைத் தவிருங்கள். பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். 6 உடன் 2 சேரும் வகையில், அந்த இரண்டு பின் துண்டு பாதியில் நிற்பது சாதாரணமாக நடக்கும். புதிய கார்டுகளின் 16 பின் இணைப்பைக் கடைசிவரை செருகாவிட்டால் கார்ட் தெரியாமல் போவதோடு நிற்காது, இணைப்பு உருகவும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. கழற்றிப் பூட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளை என்றால், பழையதின் கேபிளைப் புதியதில் குத்தாதீர்கள். கார்ட் பக்கத் தலை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும், பவர் சப்ளை பக்கத்தில் பின் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி, மொடலுக்கு மொடல் மாறும். அந்தத் தவறு இடைக்கிடைப் பழுதை நிரந்தரப் பழுதாக்கிவிடும்.

கரண்ட் போய் வருவதால் கார்ட் பழுதாகுமா? யூபிஎஸ் உதவுமா?

நம்முடைய 230 வோல்ட் ஏறி இறங்குவதைத் தரமான பவர் சப்ளை ஓரளவு தாங்கும். ஆபத்து கரண்ட் திரும்பி வரும் அந்தக் கணத்தில். 2022இல் மணிக்கணக்கில் வெட்டிய காலத்தில் எத்தனை தடவை அந்தக் கணத்தைக் கடந்தோம்! 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு காரணம் என்றார்கள். குரங்குக்கு யூபிஎஸ் ஒன்றும் செய்யாது, உங்கள் பவர் சப்ளைக்குச் செய்யும். கரண்ட் போனால் சுவர் ஸ்விட்சை அணையுங்கள், வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடித்தால் பிளக்கையே கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும் சேர்த்து.

மல்டி பிளக் ஒன்றில் கணினி, மொனிட்டர், ஸ்பீக்கர், சார்ஜர், மேலே ஒரு அடாப்டர், அதற்கு மேலே உருண்டைப் பின் பிளக் என்று கோபுரம் கட்டியிருந்தால், முதலில் கணினியை நேரே சுவரில் குத்திப் பத்து நாள் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

ரைசர் கேபிளில் கார்டை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அதனாலா?

பெரும்பாலும் ஆம் என்றே சொல்வேன். பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறைக்கு, அதாவது ஜென் 3க்குச் செய்த ரைசரில் ஜென் 4 கார்டை வைத்தால், இரண்டு பக்கமும் ஜென் 4 வேகத்தில் பேசப் பார்க்கும். வேகம் இரட்டிப்பு, வயருக்குத் தாங்காது. சில நாள் ஒப்பந்தமாகும், சில நாள் குழம்பும். பயோஸில் அந்த ஸ்லொட்டின் வேகத்தை ஓட்டோவிலிருந்து ஜென் 3க்கு மாற்றுங்கள். விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கடினம். அதற்குப் பிறகும் போனால் ரைசரைக் கழற்றிவிட்டு நேரே ஸ்லொட்டில் பூட்டிப் பாருங்கள்.

பயோஸில் வேறென்ன மாற்றலாம்?

ஃபாஸ்ட் பூட்டை அணையுங்கள். டிஸ்ப்ளே முன்னுரிமையை பிசிஐஇ என்று வையுங்கள். மிகப் பழைய கார்ட் என்றால் அதில் யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயோஸுக்கான பகுதி இல்லாமல் இருக்கலாம், அதற்கு சிஎஸ்எம் என்ற பழைய முறைத் தெரிவைப் போட வேண்டும். கார்ட் இரண்டாவது ஸ்லொட்டில் இருந்தால் மதர்போர்ட் புத்தகத்தைப் பாருங்கள். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லொட்டில் எஸ்எஸ்டி போட்டால் அந்த ஸ்லொட் அணைந்துவிடும். ஆனால் அது இடைக்கிடை நடக்காது, எப்போதும் நடக்கும்.

மதர்போர்டில் ஒரு நாணயம் போலிருக்கும் சிஆர்2032 பற்றரி, 3 வோல்ட். அது இறந்திருந்தால், சுவர் ஸ்விட்ச் அணைந்த ஒவ்வொரு இரவும் நீங்கள் பயோஸில் மாற்றியதெல்லாம் பழையபடி ஆகிவிடும். விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்வதால் கடிகாரம் பிழைத்தது கண்ணில் படாது. பயோஸுக்குள் போய் நேரம் பாருங்கள். ரைசருக்காக வேகத்தைக் குறைத்துவைத்த ஒருவருக்கு மறுபடி மறுபடி கார்ட் காணாமல் போனது இதனால்தான். புதுப் பற்றரி ஒன்று போட்டார், பிறகு அழைப்பு வரவில்லை.

பயோஸ் புதுப்பிப்பு கடைசி வழிகளில் ஒன்று. கரண்ட் போகக்கூடிய பின்னேரத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

விண்டோஸை மீள நிறுவினால் சரியாகுமா?

பயோஸுக்கே தெரியாத கார்டை விண்டோஸ் எப்படிக் கொண்டுவரும்? நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் செய்து பாருங்கள். விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது போட்டிருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதியை வட்டில் எழுதிவைத்துவிட்டு அணையும். ரீஸ்டார்ட்தான் முழுதான தொடக்கம். கன்ட்ரோல் பனலின் பவர் ஒப்ஷன்ஸில் அதை அணைத்தால் கொப்பியில் ஒரு குழப்பம் குறையும்.

பழைய கார்ட் வாங்கினேன். மைனிங் கார்டாக இருக்குமா?

மைனிங் என்பது கார்டுகளைக் கணக்குப் போட வைத்து கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற நாணயம் அந்த முறையைக் கைவிட்டது. அதன் பிறகு பழைய சந்தையில் கார்டுகள் கொட்டின. மைனிங் செய்தது என்பதற்காகவே கார்ட் கெட்டதாகிவிடாது. ஒரே சூட்டில் ஓடியது, தினமும் சூடாகிக் குளிர்ந்ததைவிட நல்லதாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது அதன் பயோஸ் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை. சில கார்டுகளில் மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், இரண்டு பயோஸ். கணினியை அணைத்துவிட்டு மற்றப் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

அவணில் வைத்துச் சூடாக்கினால் பிழைக்கும் என்கிறார்களே?

வேண்டாம். சிப்புக்கு அடியிலுள்ள சின்னச் சின்ன சோல்டர் பந்துகள் வெடித்திருந்தால் சில நாள் பிழைத்ததுபோல் நடிக்கும், பிறகு போகும். அந்த அவணில் பிறகு கேக் செய்யப்போவது உங்கள் வீட்டார்.

கடைக்குக் கொண்டுபோனால் அங்கே நன்றாக வேலை செய்கிறது. எனக்குப் பைத்தியமா?

இல்லை. எனக்கும் இதேதான். பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடம் ஒன்றுக்கு மூன்று தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று தடவையும் உடனே எழும்பியது. "கார்ட் எக ஹொந்தய் மல்லி" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார் கடைக்காரர். கார்ட் நல்லதாம். திரும்பக் கொண்டுவந்து பூட்டினால் அடுத்த நாளும் எழும்பும், அதற்கடுத்த நாள் காணோம்.

ஆகவே கடைக்குப் போகும்போது கொப்பியையும் எடுத்துப்போங்கள். காணாமல் போன காலையில் விஜிஏ லைட் எரிவதையும், டிவைஸ் மனேஜரையும் ஃபோனில் வீடியோ எடுங்கள். வாரன்டி ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். இரவு முழுக்க அணைத்துவைத்துக் காலையில் போட்டுப் பாருங்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, மொனிட்டரின் வயரையும் கொண்டுபோங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

மொனிட்டர் வயரால் கார்ட் காணாமல் போகுமா?

என்னுடையது அப்படித்தான் போனது.

எச்டிஎம்ஐ போல மொனிட்டரை இணைக்கும் இன்னொரு வகைதான் டிஸ்ப்ளேபோர்ட். அதன் துளையில் 20 பின்கள். இருபதாவது பின்னில் 3.3 வோல்ட் இருக்கும், அடாப்டர்களுக்காக வைத்தது. கார்டும் அதைக் கொடுக்கும், மொனிட்டரும் கொடுக்கும். அதனால் சாதாரணக் கேபிளில் அந்தப் பின்னை இணைக்கவே கூடாது என்பது விதி. மலிவுக் கேபிள்கள் சில இணைத்துவிடுகின்றன. அப்போது கணினி அணைந்திருக்கும்போதும், காத்திருக்கும் மொனிட்டரிலிருந்து கரண்ட் பின்வழியாகக் கார்டுக்குள் கசியும். கார்ட் முழுதாக அணையாது, அரை உயிரில் கிடக்கும். காலையில் பட்டனை அமுக்கும்போது அது சுத்தமாக எழும்பாது. டாப்புக் கூப்பிடும்போது பதில் இல்லை.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரவில் எல்லாச் சுவர் ஸ்விட்சும் அணைய வேண்டும். அணைக்காதீர்கள் அம்மா, அதனால்தான் கார்ட் பழுதாகிறது என்று நான் சண்டைகூடப் பிடித்தேன். கொப்பி வேறு கதை சொன்னது. காணாமல் போன காலைகள் எல்லாம் அம்மா கொட்டாஞ்சேனைக்குச் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கிய இரவுகளுக்கு மறுநாள், அல்லது நான் நேரம் செல்லப் படுத்த நாள். அம்மா அணைத்த நாளில் ஒரு தடவைகூடப் போகவில்லை. என் மொனிட்டர் சுவர் கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பாது, அதன் பட்டனை அமுக்க வேண்டும். கணினியை எழுப்பிய பிறகுதான் நான் அதை அமுக்குவேன். அதனால் அந்தக் காலைகளில் கசிவு இல்லை. கார்டைக் கழற்றித் துடைத்த நாளில் சரியானதும் இதனால்தான்: கார்டைக் கழற்ற முதலில் கேபிளைக் கழற்ற வேண்டும். கடையில் எழும்பியதும் இதனால்தான்: அங்கே குத்தியது அவர்களுடைய கேபிள்.

சோதிப்பது இலகு. இரவில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கார்டிலிருந்து கழற்றிவிடுங்கள், காலையில் கணினியைப் போட்ட பிறகு குத்துங்கள். அல்லது பத்து நாள் எச்டிஎம்ஐயில் ஓட்டுங்கள். பழுது நின்றால், டிஸ்ப்ளேபோர்ட் விதிகளை வகுக்கும் வேசா அமைப்பின் சான்று பெற்ற கேபிள் ஒன்று வாங்குங்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள் சில, டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மொனிட்டர்களில் விண்டோஸ் வரும்வரை படமே காட்டாமல் நிற்கும். அதற்கு என்விடியா ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வெளியிட்டிருக்கிறது. அங்கே கார்ட் காணாமல் போவதில்லை, படம்தான் வருவதில்லை.

மடிக்கணினியில் கார்ட் காணாமல் போனால்?

பெரும்பாலும் யாரோ ஈகோ மோடைப் போட்டிருப்பார்கள், மின்சாரம் சேமிக்க அது கார்டையே அணைத்துவிடும். தயாரிப்பாளரின் செயலியில் பாருங்கள். அது இல்லை என்றால் பயோஸ் புதுப்பிப்பு. அதற்கு மேல் திறக்காமல் செய்யக்கூடியது குறைவு.

தேவையில்லாமல் வாங்கிய பவர் சப்ளை என்னவாயிற்று?

கொட்டாஞ்சேனைச் சித்தியின் மகனின் பெட்டியில் ஓடுகிறது. அவனுடைய பழையது உண்மையாகவே கிழடுதான். அம்மா இப்போதும் இரவில் எல்லா ஸ்விட்சையும் அணைக்கிறார். காலையில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உன்ர பெட்டி எழும்பிட்டுதோ?" என்று கேட்கிறார். எழும்பிவிட்டது.